தூக்கிய கால்

கால்கள் எல்லாம் துளைக்குள் இறங்கி, பாகங்கள் வரிசையாக அமர்ந்த போர்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நுண்மின்னோட்டம் அளக்கும் சில சர்க்யூட்டுகள் அரைகுறை வேலையாகத் தெரியும். எட்டுக் கால் ஐசியில் உள்ளீட்டுக் கால் மட்டும் வெளியே வளைந்து அந்தரத்தில் நிற்கும். அதன் நுனியில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் காற்றிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் ஒப்பேற்றியது அல்ல அது. இந்தத் தொழிலில் நான் பார்த்த மிக நாகரிகமான தீர்வு அதுதான் என்பேன்.

ஏன் இந்தப் பாடு? 1934-ல் கலிபோர்னியாவில் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்த வேதியியலாளர் கிளென் ஜோசஃப், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்டு நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் போனார். புளிப்பை உணரும் கண்ணாடி எலக்ட்ரோடு ஒரு பிஎச் அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் தருகிறது. அது தாராளம். ஆனால் கண்ணாடிச் சவ்வைத் தாண்டி வருவதால் அதன் மின்மறிப்பு 10 கோடி ஓம் அளவில் இருக்கும். அளக்கும் கருவி ஒரே ஒரு நானோ ஆம்பியரை உறிஞ்சினாலும் 100 மில்லிவோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கிட்டத்தட்ட இரண்டு பிஎச் பிழை, எலுமிச்சை தக்காளியாகிவிடும். பெக்மன் வெற்றிடக் குழாய் ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்துக் கொடுத்த பெட்டி 1936-ல் காப்புரிமை பெற்றது. இன்று ஒவ்வொரு ஆய்வகத்திலும் இருக்கும் பிஎச் மீட்டரின் பாட்டன் அது.

அதற்குப் பிறகு சில்லுகள் எங்கோ போய்விட்டன. நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்சி6001 ஆப்-ஆம்ப், அறை வெப்பத்தில் 25 ஃபெம்டோ ஆம்பியருக்கு மேல் எடுக்காது என்று ஒவ்வொரு சில்லையும் சோதித்தே விற்றார்கள். ஒரு ஃபெம்டோ ஆம்பியர் என்றால் நொடிக்குச் சுமார் 6,240 எலக்ட்ரான். இவ்வளவு சுத்தமான சில்லை வாங்கி, சாதாரண போர்டில் பற்றவைத்து, கையால் தடவிப் பார்ப்பதோடு அதன் மதிப்பு போயிற்று. விரல் பட்ட இடத்தில் உப்பு, பற்றவைத்த இடத்தில் ஃப்ளக்ஸ் கறை, மேலே ஐப்பசி மாத ஈரக்காற்று. பக்கத்துத் தடத்தில் 5 வோல்ட் ஓடுகிறது, இடையில் உள்ள போர்டின் தடை ஒரு லட்சம் கோடி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனாலும் 5,000 ஃபெம்டோ ஆம்பியர் கசியும். சில்லின் உத்தரவாத அளவைப் போல 200 மடங்கு.

இங்கேதான் காவல் வளையம் வருகிறது. கசிவைத் தடுக்கத் தடையை இன்னும் கூட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். காவல் வளையம் அந்தச் சண்டைக்கே போவதில்லை. உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஒரு செம்புத் தடம் போட்டு, அதை உள்ளீட்டின் மின்னழுத்தத்திலேயே நிறுத்திவிடுகிறது. வரப்பின் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால், வரப்பில் நண்டுவளை இருந்தாலும் எந்தப் பக்கமும் நீர் போகாது. வளையத்துக்கும் உள்ளீட்டுக்கும் 5 மில்லிவோல்ட்தான் வித்தியாசம் என்றால், போர்டின் தடை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்கூடக் கசிவு 50 ஃபெம்டோ ஆம்பியரைத் தாண்டாது. முன்பு 5,000, இப்போது 50. அதுவும் மோசமான போர்டில்! ஃபாலோயர் சர்க்யூட்டாக இருந்தால் வளையத்துக்கான மின்னழுத்தம் வெளியீட்டிலிருந்தே கிடைக்கும். இன்வெர்ட்டிங் வகையில் தரையோடு சேர்த்தால் போதும். போர்டின் மேல்பூச்சான பச்சை மாஸ்க்கை வளையத்தின் மேல் பூசிவிடக் கூடாது. கசிவு நடப்பது மேற்பரப்பில். பூச்சின் மேலேறி வளையத்தைத் தாண்டிப் போய்விடும். வளையம் போர்டின் அடிப்பக்கத்திலும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதையும் தாண்டிய படிதான் அந்தத் தூக்கிய கால். காற்றைவிடச் சுத்தமான காப்பான் கடையில் கிடைக்காது, விலையும் இல்லை. நேஷனலின் டேட்டாஷீட்டிலேயே இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த பாப் பீஸ், எலக்ட்ரானிக் டிசைன் இதழில் எழுதிய பத்திகளில் ஃபெம்டோ ஆம்பியருக்கென்றே ஒன்றை ஒதுக்கினார். காகிதக் குப்பை மலையாகக் குவிந்த மேசைக்குப் பேர்போன மனிதர், காப்பான் சுத்தத்தில் மட்டும் அப்படி ஓர் ஆசாரம்! இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை மீட்டர் வைத்து அளப்பதைவிட, ஆப்-ஆம்பே தன் கசிவைக் கெபாசிட்டரில் சேமிக்கும்படி விட்டுக் காத்திருப்பது எளிது. 10 பிகோ ஃபாரட் கெபாசிட்டரில் ஒரு ஃபெம்டோ ஆம்பியர் சேர்ந்தால் நிமிடத்துக்கு 6 மில்லிவோல்ட் நகரும். சாதாரண மல்டிமீட்டருக்கே அது தெரியும்.

இரைச்சல் விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஒரு தலைகீழ்க் கணக்கு. ரெசிஸ்டர் பெரிதானால் இரைச்சல் கூடும் என்று 1928-ல் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் காட்டியதை எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் மின்னோட்டத்தை அளக்கும்போது, ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் சிக்னல் அதே மடங்கு வளரும். இரைச்சல் வர்க்கமூல அளவுக்குத்தான் வளரும். மின்னோட்டமாகக் கணக்கிட்டால், ஒரு ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில் 100 கோடி ஓம் தருவது 4 ஃபெம்டோ ஆம்பியர் இரைச்சல். ரெசிஸ்டரை நூறு மடங்கு பெரிதாக்கினால் 0.4 தான். துணிந்து பெரிய ரெசிஸ்டர் போடுகிறவருக்குத்தான் அமைதி கிடைக்கும், வேகத்தை விலையாகக் கொடுத்து.

மற்ற தொல்லைகளும் உண்டு. கேபிளை அசைத்தால் காப்பானும் உறையும் உரசி மின்னேற்றம் பிறக்கும். அதற்காகவே கிராஃபைட் பூசிய கேபிள் விற்கிறார்கள். கண்ணாடி டயோடில் வெளிச்சம் பட்டால் அதுவே மின்னோட்டம் தரும். டெஃப்லான் அற்புதமான காப்பான்தான், ஆனால் வளைத்தாலும் அழுத்தினாலும் தானே மின்னேற்றத்தை உண்டாக்கும். எந்தப் பொருளையும் கண்மூடி நம்பினால் இந்தத் தொழிலில் ஏமாற்றம்தான்.

செய்து பார்க்க நினைக்கிறவர்கள் எல்எம்சி662 ஆப்-ஆம்பில் தொடங்கலாம், விலை அதிகமில்லை. உலோக டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஃப்ளக்ஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவும்போது ஆல்கஹாலையும் தூரிகையையும் நடுவில் மாற்றிவிடுங்கள். பழையதையே வைத்துத் தேய்த்தால் கறை போகாது, போர்டு முழுக்கப் பரவத்தான் செய்யும்.