கட்டுரை வகுப்பின் சட்டதிட்டங்கள்

இலக்கிய விமர்சனம் என்பது கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஒரு சமுதாயத்தின் எழுத்து இவை மட்டுமல்ல. நீதிமன்ற அழைப்பாணையும் எழுத்துத்தான். கடன் பத்திரமும் எழுத்துத்தான். எழுதியவர் யார், யாரை மனத்திற் கொண்டு எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற வினாக்களை ஒரு நாவலிடம் தொடுக்க நமக்கு உரிமை உண்டெனின், ஒரு விதித்தாளிடம் தொடுப்பதற்கும் அந்த உரிமை உண்டு. பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவனுக்கு ஆங்கிலக் கட்டுரை வகுப்பின் தொடக்கத்தில் கையளிக்கப்படுகிறதே ஒரு தாள், அதனையே இங்கு நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

எந்தப் பல்கலைக்கழகத்தின் தாள் என்பது முக்கியமன்று. உலகெங்கும் இத்தாள்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. நூற்றுக்கு எண்பது வகுப்புகளுக்காவது சமுகமளித்தல் வேண்டும். ஒப்படைகள் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பிந்திவரும் ஒப்படைக்குப் புள்ளி குறைக்கப்படும். கட்டுரையின் தலையாய கருத்து முதற் பந்தியிலேயே தெளிவாகக் கூறப்படுதல் வேண்டும். பிறர் எழுத்தைத் தன்னெழுத்தாகக் காட்டுபவர் ஒழுக்காற்று விசாரணைக்கு உள்ளாவர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், இயந்திரத்தைக் கொண்டு எழுதுவித்தலாகாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது.

இவ்விதிகளில் எதுவும் தன்னளவில் அநியாயமானது என்று நாம் சொல்ல வரவில்லை. நேரத்துக்கு வருதலும் நேர்மையாக எழுதுதலும் எந்த மாணவனிடத்தும் எதிர்பார்க்கத் தக்கவையே. நாம் கேட்பது வேறு. ஒரு நாவலாசிரியன் தன் வாசகனைக் கற்பித்துக்கொண்டே எழுதுகிறான் என்பார்கள். இத்தாளை ஆக்கியவர் கற்பித்துக்கொண்ட வாசகன் யார்? வீட்டில் தனி மேசையும் கணினியும் உடையவன். சிறு பிராயம் முதல் ஆங்கிலப் பத்திரிகை வீட்டுக்கு வரக் கண்டவன். தனக்கென ஓர் அபிப்பிராயம் இருக்கலாம், அதை ஆசிரியருக்கு முன் சொல்லலாம் என்று பழக்கப்பட்டவன். அவனை நாம் அறிவோம். கொழும்பில் அவன் இருக்கிறான். திருக்கோவிலில் அவன் இருக்கிறானா?

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே, அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவிலும் திருக்கோவிலும் உள்ளன. வடக்கே ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இந்துத் தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் இக்கரையில் இரு சாராருக்கும் மொழி ஒன்றே. வயலும் கடலும் கைத்தறியும் தரும் வாழ்வு. யுத்தம் இவ்வூர்களை ஒன்றுக்கொன்று பகையாக்கப் பார்த்தது. 2004இன் ஆழிப்பேரலை பேதமின்றி இரண்டையும் அடித்துச் சென்றது. யுத்தத்தின் நடுவே மற்றைய பல்கலைக்கழகங்களுக்குச் சென்று படிக்க இயலாதுபோன மாணவரை முன்னிட்டு, 1995இல் இக்கரையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. மீன்பிடிப்பவன் மகளும் நெசவாளி மகனும் வீட்டு வாசலுக்கு அருகே பட்டம் பெறும் வாய்ப்பு அவ்வாறு வந்தது. ஆனால் உயர்தரம் வரை தமிழிலேயே படித்து வந்த அவர்கள் பல்கலைக்கழகத்துள் நுழைந்ததும் எதிர்கொள்வது ஆங்கிலத்தை.

இது நேற்று முளைத்த பிரச்சினையன்று. பிரித்தானியர் காலத்தில் இக்கரையில் ஆங்கிலம் மிஷன் பாடசாலைகளின் உடைமையாக இருந்தது. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அத்தகைய பாடசாலைகளிலேயே கற்றார். அவர் ஷேக்ஸ்பியரைத் தமிழர்க்கு விளக்க 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதினார். ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராயிருந்தார். 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். இரு மொழியும் ஒரு கையில் வசப்படக்கூடும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவர் காலத்து இக்கரையில் எத்தனை பேருக்கு அந்தக் கதவு திறந்தது? 1945இல் வந்த இலவசக் கல்வியும், அதன்பின் பாடசாலைகளில் தாய்மொழிப் போதனையும், 1960 அளவில் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துள் தாய்மொழி நுழைந்தமையும் ஏழை மக்களின் பெருவெற்றிகள். அந்த வெற்றியின் நிழலில் ஒரு தோல்வியும் ஒளிந்திருந்தது. ஆங்கிலம் போதனா மொழி என்ற ஆசனத்திலிருந்து இறங்கியதேயன்றி அதிகாரம் என்ற ஆசனத்திலிருந்து இறங்கவில்லை. சிங்கள மாணவர் அதனைக் ‘கடுவ’ என்றனர். வாள் என்பது பொருள். அறியாமற் சொன்ன பெயரன்று அது. திரு கந்தையா 1984இல் அச்சொல்லை வைத்தே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

வாளை ஏந்தச் சொல்லிக் கொடுப்பதாகக் கூறும் வகுப்பு நடைமுறையில் என்ன செய்கிறது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, யுத்தகாலத்தில் தாம் நடத்திய முதலாம் ஆண்டு வகுப்பொன்றையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1993இல் கட்டுரையாகவும் 1999இல் ஆங்கில போதனையின் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பது பற்றிய நூலின் பகுதியாகவும் அது வெளிவந்தது. பாடநூல் அமெரிக்க நகர வாழ்வைச் சித்திரிப்பது. வெளியே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வகுப்புக்கு முதலில் நன்றாக வந்த மாணவர் நாளடைவில் குறைந்தனர். பரீட்சை நெருங்கியபோது திரும்பி வந்து இலக்கணக் குறிப்புக் கேட்டனர். ஆசிரியர் அவர்களது பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தார். ஓரங்களிலெல்லாம் அவர்களுடைய கைவண்ணம்: தமிழ்ச் சொற்கள், சினிமாக் காதல், அரசியல் முழக்கங்கள், அமெரிக்கப் பாத்திரங்களுக்குத் தாம் சூட்டிய கேலி.

நம் பார்வையில் அந்த ஓரக் குறிப்புகளே அவ்வகுப்பின் உண்மையான கட்டுரைகள். அவற்றை எழுதியவர்களுக்கு அபிப்பிராயம் இருந்தது, நகைச்சுவை இருந்தது, வாசகரும் இருந்தனர். எழுதும்படி கேட்கப்பட்ட இடத்தில் அவர்கள் மௌனமாயிருந்தார்கள். கேட்கப்படாத இடத்தில் எழுதினார்கள். விதித்தாளின் கண்ணுக்கு அது ஊக்கமின்மையாகவே தெரிந்திருக்கும்.

எழுத்துத் திருட்டு என்னும் விதிக்கு வருவோம். இதில்தான் மாணவர் மிகுதியும் இடறுகின்றனர். இதில்தான் விதித்தாளும் மிகக் கடுமையாகப் பேசுகிறது. நம் பாடசாலையில் தமிழ்க் கட்டுரை எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? முன்னுரையில் ஒரு குறள். இடையிடையே மனனஞ் செய்த மரபுத்தொடர்கள். முடிவுரையில் ஓர் அறிவுரை. பிரத்தியேக வகுப்பில் ஆசிரியர் தரும் மாதிரிக் கட்டுரையைப் பிசகாமல் எழுதுபவனுக்கே உயர்ந்த புள்ளி. பதின்மூன்று ஆண்டுகள் இரவல் சொல்லை அலங்காரமென்று மெச்சிவிட்டு, பதினான்காம் ஆண்டில் அதே பழக்கத்தைத் திருட்டு என்று விசாரிப்பது என்ன நீதி? பாடசாலை கற்பித்ததை மாணவன் நன்றாகக் கற்றுக்கொண்டதே இங்கு அவன் குற்றமாகிறது.

மேற்கோளுக்குரியவரைப் பெயர் சொல்லிக் குறிக்கும் முறை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மவர் பலர் நினைக்கின்றனர். ஆங்கில ஆசிரியர்களும் அப்படியே கற்பிக்கின்றனர். தொல்காப்பியர் தம் விதிகள் பலவற்றைப் புலவர் கூற்றாகத் தருகிறார், எந்தப் புலவர் என்று சொல்வதில்லை என்பது உண்மையே. ஆனால் கல்முனையிலோ அட்டாளைச்சேனையிலோ மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு வேறொரு மரபும் தெரியும். ஒரு ஹதீஸைச் சொல்லுமுன், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசை சொல்லப்படும். அவ்வரிசையில் ஓர் இணைப்பு அறுந்தால் அறிவிப்பே பலவீனமாகும். ஆதாரங் காட்டும் ஒழுக்கத்தை இதனினும் கண்டிப்பாக எந்தப் பல்கலைக்கழகம் விதித்திருக்கிறது? மாணவியின் கையிலேயே இருக்கும் இத்திறவுகோலை எடுத்துக் காட்டாமல், அவளிடம் தண்டனைப் பட்டியலை நீட்டுகிறது விதித்தாள்.

மொழிப்பிழை விஷயமும் இத்தகையதே. பெயருக்கு முன்னே வரும் ‘ஏ’, ‘தி’ என்னும் சிறு சொற்களைத் தமிழ் மாணவன் தவறவிடுகிறான். சிவப்பு மை பாய்கிறது. ‘புத்தகம் வாசித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாசித்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவன் பேச்சிலேயே பிழையின்றிக் காக்கிறான். முன்னையதில் ஏதோ ஒரு புத்தகம்; பின்னையதில் இன்னதென்று தெரிந்த புத்தகம். ஆங்கிலம் சிறு சொல்லால் காட்டும் வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தமிழ் இரண்டாம் வேற்றுமையாலும் ‘அந்த’ என்னும் சுட்டாலும் காட்டுகிறது என்று ஒருநாள் விளக்கினால் பாதிப் பிழை விளங்கும். கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ என்ற நூலை 1999இல் வெளியிட்டார். அதனை ஆங்கில வகுப்பு மேசைமீது திறந்து வைப்பதில் எந்த மானமும் போய்விடாது.

இதற்கும் மேலாக ஒன்று. வீட்டில் ‘மறுகா’ என்று பேசும் பிள்ளை பாடசாலையில் ‘பின்னர்’ என்று எழுதக் கற்றது. ஊர்ப் பேச்சிலிருந்து ஏட்டுத் தமிழுக்குப் பெயர்வது எளிய காரியமன்று. ஒரு முறை அக்கரை சேர்ந்தவனுக்கு ஆங்கில எழுத்து நடை இரண்டாவது ஆறே. இந்தத் திறமைக்கு விதித்தாளில் பெயரில்லை.

அமெரிக்காவிலே இந்த வகுப்பு பிறந்த கதையை இங்கு நினைவூட்டுவது தகும். ஹார்வர்ட் 1874இல் நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் செய்தது, பலர் தேறவில்லை. 1885 அளவில் முதலாம் ஆண்டுக்குக் கட்டுரை வகுப்பு கட்டாயமாயிற்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட, வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்! கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர் போராடியதன் விளைவாக நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் தன் கதவுகளை அகலத் திறந்தபோது, புதிதாக வந்தவர்களின் எழுத்தைக் கண்டு பேராசிரியர்கள் தலையிலடித்துக்கொண்டனர். மீனா ஷாக்னெசி மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஏறத்தாழ 4,000 கட்டுரைத் தாள்களை வாசித்து, பிழைகளுக்குள்ளும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதை 1977இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிழைகளும் எதிர்பார்ப்புகளும் என்பது அந்நூற் பெயரின் பொருள். மாணவரது பிழைகளை ஆராயுமிடத்தே ஆசிரியரது எதிர்பார்ப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தார் என்பதே அதன் சிறப்பு. அதற்கு முந்திய ஆண்டு அதே பல்கலைக்கழகம் கட்டணம் அறவிடத் தொடங்கிவிட்டது. கதவைத் திறப்பதும் மூடுவதும் கட்டுரை வகுப்பின் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இது சான்று.

நம் முற்போக்காளர் சிலர், ஆங்கிலமே வேண்டாம், அது ஏகாதிபத்தியத்தின் எச்சம் என்று பேசுவதுண்டு. அவர்களது பிள்ளைகள் சர்வதேசப் பாடசாலைகளில் படிக்கிறார்களா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. ஒலுவில் கரைக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் அழைக்கிறோம். டென்மார்க்கிலிருந்து பெற்ற கடனில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அணைகள் மணலின் இயல்பான ஓட்டத்தைத் தடுத்ததால் வடபக்கத்துக் கரை அரிக்கப்பட்டது. தென்னந் தோப்புகள் கடலுள் சரிந்தன. நிந்தவூர் வரை பாதிப்புச் சென்றது. கடன் தந்தவனிடமும் கட்டியவனிடமும் முறையிட எந்த மொழி வேண்டும்? தோணி இழுக்கும் மணற்பரப்பை இழந்தவனின் வழக்கை, அவன் மகள் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய நாளில் அந்த வாள் கை மாறியதாகும். ‘உனது விடுமுறை நாட்கள்’ என்றும் ‘கைத்தொலைபேசியின் நன்மை தீமைகள்’ என்றும் தலைப்புக் கொடுக்கும் வகுப்பில் அந்த எழுத்துப் பிறக்காது. சொல்ல ஏதுமற்ற தலைப்புக்கு இயந்திரமே எழுதிவிடும். அதைத் தடுக்க எந்த விதியாலும் முடியாது. வட்டையில் முல்லைக்காரனுக்குப் போடியார் அளந்த நெல்லின் கணக்கை, மருதமுனைத் தறியில் ஒரு சேலைக்கு வரும் கூலியை, தன் தாயிடமோ தந்தையிடமோ கேட்டு எழுதும்படி சொன்னால், இயந்திரத்துக்கு அந்த வீட்டு வழி தெரியாது.

ஆகவே தரத்தைத் தாழ்த்துங்கள் என்பது நமது கோரிக்கையன்று. அவ்வாறு இரங்கிப் போடும் புள்ளி, கொழும்பிலே வேலை கேட்டுச் செல்லும் நாளில் செல்லாக் காசாகும். விதிகள் இருக்கட்டும், அவற்றை நிறைவேற்றத் தேவையானவையும் அதே தாளில் எழுதப்படட்டும். முதல் வரைவைத் தமிழிலோ இரண்டும் கலந்தோ எழுத இடமிருக்கிறதா? தட்டச்சு செய்ய வேண்டுமெனின் கணினி அறை மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? எண்பது வீத வருகை வேண்டுமெனின், திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்று வழியாக வரும் பிள்ளைக்கு எட்டு மணி வகுப்புக்கு எந்தப் பேருந்து? பிழை திருத்தி மீண்டும் எழுதினால் எந்த எழுத்துக்குப் புள்ளி, முதலாவதற்கா இரண்டாவதற்கா? மாணவன் ஒருநாள் பிந்தினால் இத்தனை புள்ளி குறையும் என்று சொல்லும் தாளில், ஆசிரியர் திருத்திய ஒப்படையை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். அதை எழுத முற்படும்போது ஒரு விரிவுரையாளருக்கு இத்தனை மாணவர் என்ற கணக்குத் தானாகவே வெளிவரும்; அந்தக் கணக்கோடு மானிய ஆணைக்குழுவின் கதவைத் தட்டும் நாளில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நிற்பர்.