வாசற்படியில் கேட்ட கேள்வி

தமிழ் முஸ்லிம்களிடையே அண்மைக் காலத்தில் ஓர் எழுத்து வகை செழித்து வளர்ந்திருக்கிறது. அதற்கு எவரும் இன்னும் பெயர் சூட்டியதாகத் தெரியவில்லை. மகனோ மகளோ படிக்கும் அயல்நாட்டு நகரத்துக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கித் திரும்பிய பெற்றோர் எழுதும் பயணக் கட்டுரையே அது. ஆண்டு மலர்களிலும், ஜமாஅத் வெளியீடுகளிலும், சொந்தச் செலவில் அச்சிட்டு மணவீடுகளில் வழங்கப்பெறும் சிறு நூல்களிலும் அதனைக் காணலாம்.

இவ்வகைக் கட்டுரைகளில் பத்தைப் படித்தவர்க்குப் பதினொன்றாவது என்ன சொல்லும் என்பது முன்னரே தெரிந்துவிடும். இலண்டனைப் பற்றியதாயின், ஜூன் மாதத்து மஃரிபு இரவு ஒன்பது மணியைத் தாண்டி வருவதைக் கண்ட வியப்பு. 1977-இல் கட்டி முடிக்கப்பெற்ற ரீஜண்ட்ஸ் பூங்காப் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களின் முன் விட்ட பெருமூச்சு. ஈஸ்ட்ஹாமில் தமிழ்க் கடைகளைக் கண்ட நெகிழ்ச்சி. பேருந்துக்கு வரிசையில் நிற்கும் மக்கள். நம் நாடு என்று திருந்துமோ என்ற ஏக்கம். இறுதியாக, தங்களை அன்போடு கவனித்துக்கொண்ட பிள்ளைக்கு ஒரு வரி நன்றியும் துஆவும்.

நகரத்துக்கு நாற்பது பத்தி; பிள்ளைக்கு ஒரு வரி. இந்த விகிதம் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகிறேன்.

ஊர் பார்ப்பதையோ வியப்பதையோ குறை சொல்ல நான் வரவில்லை. ஊரெல்லையைத் தாண்டியறியாத ஒரு மூதாட்டி தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்று வியப்பதற்கு எல்லா உரிமையும் உடையவர். என் குறை வேறு. இக்கட்டுரையாளர்கள் பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் எழுதும்போது பிள்ளையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். மொழிப் பிழையைத் திருத்தலாம், செய்திப் பிழையைத் திருத்தலாம். பார்வையில் நேர்ந்த பிழையை எந்தப் பதிப்பாசிரியராலும் திருத்த இயலாது.

பிள்ளையின் நாட்காட்டியைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. வகுப்புகளும் தேர்வுகளும் கோடையின் தொடக்கத்தில் ஓய்ந்தபின், ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ ஒப்படைக்க வேண்டிய ஆய்வேடு மாணவனின் தலைமேல் நிற்கும். பெற்றோர் புறப்பட்டு வருவது எப்போது? குளிர் தாங்காது என்று அஞ்சி, அதே கோடை மாதங்களில்தான். நமக்கு உகந்த பருவம் அவனுக்கு ஒரு நாள்கூட ஒழியாத பருவம். பகலெல்லாம் நமக்கு ஊர் காட்டிவிட்டு இரவில் அவன் எழுத உட்காருகிறான். பணத்தின் நிலையும் இதுவே. அங்குப் பட்டப் படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஊதிய வேலை செய்ய விசா விதி இடங்கொடாது. அந்த இருபது மணி நேரத்தில் சேர்ந்த காசே நம் சுரங்க இரயில் பயணமாகவும், ஈஸ்ட்ஹாம் இட்லியாகவும் மாறுகிறது. மாணவர் விடுதிகளோ வெளியாரை நெடுநாள் தங்க விடுவதில்லை. ஆகவே நாம் படுக்கும் கட்டில் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இப்பயணத்தைப் பற்றிய முதல் எழுத்தை எழுதுபவன் அந்தப் பிள்ளையே. விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக அவன் எழுதி அனுப்பும் அழைப்புக் கடிதத்தைத்தான் சொல்கிறேன். என் பெற்றோர் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்னோடு தங்குவர், அவர்களது தங்குமிடத்துக்கு நான் பொறுப்பு என்று அதில் உறுதி கூறுகிறான். பயணத்தின் தொடக்கத்தில் அவனுடைய கடிதம், முடிவில் நம்முடைய கட்டுரை. இரண்டுக்கும் இடையே நடந்தது எழுதப்படாமலே போய்விடுகிறது. 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பல்லாத முதுகலை வகுப்புகளில் புதிதாகச் சேரும் அயல்நாட்டு மாணவர் பெரும்பாலோர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல அந்நாடு அனுமதிப்பதில்லை. இனி இளம் மனைவியும் கைக்குழந்தையும்கூட அங்கே பார்வையாளராகச் சில காலம் தங்கித் திரும்புபவர்களே. எனவே எழுதப்படாதது இன்னும் பெருகவே செய்யும்.

நானும் அப்படியொரு கட்டுரை எழுதிய குற்றவாளி என்பதை மறைக்க விரும்பவில்லை. 2018-இல் மகன் இலண்டனில் படித்தபோது, நானும் என் மனைவியும் போய் மூன்று வாரம் இருந்து வந்தோம். ஊர் மலர் ஒன்றில் எழுதினேன், பலர் பாராட்டினர். அக்கட்டுரையை அண்மையில் எடுத்துப் படித்தபோது ஒரு வாக்கியம் என்னைச் சுட்டது. மகன் இரவெல்லாம் கணினியும் கையுமாக இருந்தான் என்றும், இக்காலப் பிள்ளைகளுக்கு உறக்கமே வேண்டாம் போலும் என்றும் நகைச்சுவையாக எழுதியிருந்தேன். அவன் எழுதிக்கொண்டிருந்தது அவனுடைய ஆய்வேடு.

இக்குறைக்கு எழுதுவோரை மட்டும் பழித்தல் தகாது. நம் மரபிலேயே இந்நிலைக்கு ஒரு பெயர் இல்லை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். தொல்காப்பியர் புதிய யாப்பு வகை ஒன்றுக்கும் அதே பெயரை இட்டார். அறியாதவராய், புதியவராய் வந்தவரே விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தார். சுற்றந்தழாலை வெகு தூரம் தள்ளிப் பொருட்பாலில் ஐம்பத்து மூன்றாவதாக வைத்தார். இல்வாழ்வான் பேண வேண்டியவரை எண்ணும்போதும் விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியே எண்ணினார். அப்படியாயின் மகனுடைய வாடகை அறைக்கு வந்து இறங்கும் உம்மாவும் வாப்பாவும் விருந்தா, ஒக்கலா? வந்த ஒரு மணி நேரத்துக்குள் உம்மா அடுப்படிக்குள் நுழைந்து, மசாலா டப்பாக்களை இடம் மாற்றி, மகனுக்குப் பிடித்ததைச் சமைக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த அறையில் விருந்தாளி மகன்தான்!

நம்முடைய சபர் மரபும் இதற்கு உதவவில்லை. கொழும்பு, பினாங்கு, இரங்கூன், சைகோன் என்று நம் முன்னோர் பயணம் போன காலத்தில், போனவர் ஊருக்குத் திரும்பி வருவார். பெரும்பாலும் வீடு அவரைத் தேடிப் போகாது. ஆகவே நம் எழுத்தில் காத்திருப்பு உண்டு, கடிதம் உண்டு, பெட்டி திறக்கும் நாளின் மகிழ்ச்சி உண்டு. சபராளியின் அறைக்குள் வீடு நுழையும் காட்சியை அவ்வெழுத்தில் தேடிக் காண்பது அரிது.

ஆனால் நம் மரபை வேறொரு திசையில் நோக்குமிடத்து இக்காட்சி மிகப் பழைமையானது. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, ஸஹீஹுல் புகாரியில் பதிவான இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் மேடைகளில் கேட்டிருக்கிறோம். தொலைதூரத்திலிருந்து மகனைக் காணத் தந்தை மக்காவுக்கு வருகிறார். இஸ்மாயீல் (அலை) உணவு தேடி வெளியே போயிருக்கிறார். வாசலில் வரவேற்பவர் மருமகள். உங்கள் வாழ்க்கை எப்படி என்று முதியவர் வினவ, அப்பெண் துன்பமும் நெருக்கடியுமாக இருக்கிறோம் என முறையிடுகிறாள். கணவர் வந்ததும் வாசற்படியை மாற்றச் சொல் என்று கூறிவிட்டு அவர் போய்விடுகிறார். பின்னொரு முறை வரும்போது வேறொரு மருமகள். அவளோ நலமாக இருக்கிறோம் என்று கூறி இறைவனைப் புகழ்கிறாள். இம்முறை வாசற்படி நிலைக்கட்டும் என்று செய்தி வைக்கப்படுகிறது.

நம் உரையாளர்கள் இவ்வரலாற்றை எப்போதும் ஒரே விதமாகவே விளக்குகின்றனர்: குறை சொல்லாதே, வாயை மூடிக்கொள் என்பதாக. நம் பிள்ளைகள் தொலைபேசியில் எது கேட்டாலும் நல்லா இருக்கேன் வாப்பா என்று முடித்துக்கொள்வதற்கு இவ்விளக்கமும் ஒரு காரணமோ என்று நான் ஐயுறுகிறேன். கதையைக் கவனித்துப் படித்தால் பொருள் அப்படி இல்லை. நலம் என்று சொன்னதோடு உரையாடல் முடிந்துவிடவில்லை. உங்கள் உணவு என்ன என்று பெரியவர் மேலும் கேட்கிறார். இறைச்சி என்கிறாள். பருகுவது என்ன என்கிறார். தண்ணீர் என்கிறாள். தானியம் அவர்களிடம் இல்லை என்பதையும் அவ்வறிவிப்பே குறிப்பிடுகிறது. இருப்பது இன்னது, இவ்வளவு என்பதை அந்தப் பெண் மறைக்காமல் சொன்னாள். அவர் அந்த இறைச்சிக்கும் அந்தத் தண்ணீருக்குமே பரக்கத் வேண்டித் துஆ செய்தார். முறையிடாமை வேறு, மறைத்தல் வேறு. இரண்டாம் மருமகள் முறையிடவில்லை, மறைக்கவுமில்லை. கேட்டவரும் ஒரு கேள்வியோடு நிறுத்தவில்லை. என்ன உண்கிறீர்கள் என்று கேட்கத் தெரிந்த வருகையாளர் அவர்.

இன்னொன்றும் உண்டு, மேடைகளில் அதற்கு அத்துணை அழுத்தம் கிடைப்பதில்லை. மூன்றாம் முறை வரும்போது, ஜம்ஜமுக்கு அருகே ஒரு மரத்தடியில் அமர்ந்து அம்புகளைச் சீவிக்கொண்டிருக்கும் மகனைத் தந்தை காண்கிறார். மகன் தன் வேலையில் இருக்கும்போது கண்ட சந்திப்பு அது. கஅபாவைக் கட்டும் பணிக்கு மகனின் துணையை அவர் கேட்டது அந்தச் சந்திப்பில்தான்.

விருந்தினரின் கடமையைப் பற்றி நம் சமயம் பேசாமலில்லை. விருந்தோம்பலுக்கு மூன்று நாள் என்று எல்லை வகுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வீட்டுக்காரரை இக்கட்டில் தள்ளும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்றும் உரைத்தார்கள். முன்பாதியை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். மதீனாவில் அண்ணலார் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கிய வரலாறும் அத்தகையதே. மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்தபோது, கீழே நாயகத்தின் மீது சொட்டிவிடுமோ என்று அஞ்சி, தம்மிடமிருந்த ஒரே போர்வையால் கணவனும் மனைவியும் அதனைத் துடைத்தெடுத்தனர் என்பதை உருக்கமாகச் சொல்கிறோம். தம்மைக் காண வருவோர்க்கு வசதி என்று கீழ்த்தளத்தைக் கேட்டுப் பெற்றவர்கள் அண்ணலாரே என்பதையும் அதே உருக்கத்தோடு சொல்ல வேண்டாமா?

இக்காலக் கதையிலக்கியத்தில் இப்பொருளை நேர்மையாகக் கையாண்டவர் என்று நான் கருதுபவர் ஜும்பா லஹிரி. 2008-இல் வெளிவந்த 'அன்அக்கஸ்டம்டு எர்த்' தொகுதியின் தலைப்புக் கதையில், மனைவியை இழந்த வங்காளித் தந்தை ஒருவர் சியாட்டிலில் வாழும் மகள் ரூமாவின் வீட்டுக்கு ஒரு வாரம் வருகிறார். ரூமா மாணவியல்லள்; கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகனோடு, மீண்டும் கருவுற்றிருப்பவள். ஆயினும் நம் பொருள் அங்கே முழுமையாக இருக்கிறது. தந்தை நிரந்தரமாகத் தன்னோடு தங்கிவிடுவாரோ என்று மகள் அஞ்சுகிறாள். தந்தையோ உண்ட தட்டுகளைத் தாமே கழுவுகிறார், கொல்லையில் தோட்டம் போடுகிறார், தம் வாழ்வில் புதிதாக வந்த ஒரு பெண்மணியைப் பற்றிய செய்தியை மறைக்கிறார். தங்கிவிடுங்கள் என்று மகள் கேட்கும்போது அவர் இசைவதில்லை. அவர் போனபின் அந்தப் பெண்மணிக்கு அவர் எழுதிய அஞ்சலட்டை தோட்டத்தில் மகளின் கையில் கிடைக்கிறது. அவள் அதைக் கிழிக்கவில்லை; தபால்தலை ஒட்டுகிறாள்.

இக்கதையின் வலிமை அதன் சொல்முறையில் இருக்கிறது. ஒரு பகுதியை மகளின் கண்ணாலும் அடுத்ததைத் தந்தையின் கண்ணாலும் லஹிரி மாறி மாறிக் காட்டுகிறார். வந்தவர் காணாததை இருப்பவரும், இருப்பவர் காணாததை வந்தவரும் காண்பதால் வாசகன் இருவரையும் முழுமையாக அறிகிறான். நம் பயணக் கட்டுரைக்கு ஒரு கண்ணே உண்டு. அதுவும் குவிமாடத்தின் மேல். ஆனால் லஹிரியிடமும் எனக்கொரு மனக்குறை உண்டு. அவர் காட்டுவது பெரிய வீடு, பணமுடை இல்லாத குடும்பம். ஒரே அறை, ஒரே கட்டில், பொதுச் சமையலறை, அங்கே எவரோ விட்டுச்சென்ற பன்றியிறைச்சிச் சட்டியை உம்மா வருமுன் மகன் அவசரமாக அகற்றுவது போன்றவை அக்கதை அறியாத உலகம். அதை எழுத வேண்டியவர்கள் நம்மவர்களே. அதற்குத் தந்தையர் போதா. பிள்ளைகளும் எழுத வேண்டும். இருவரும் ஒரே பயணத்தை எழுதி ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டால் எப்படியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

என் பழைய கட்டுரையைத் திருத்தி எழுத இவ்வாண்டு உட்கார்ந்தேன். நாங்கள் தங்கிய அறையை விவரிக்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அறையில் இருந்தது ஒரு கட்டில். அதில் நாங்கள் இருவரும் படுத்தோம். மகன் இரவு பத்தரை மணிக்கு மேல் நூலகத்துக்கு என்று கிளம்பிப் போவான். விடியலில் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவான். இடையே அவன் எங்கே உறங்கினான் என்று அந்த மூன்று வாரத்தில் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்டு எழுதினேன். மறுநாளே விடை வந்தது: முதல் வாரம் நண்பனின் அறைத் தரையில், பிறகு நூலகத்தின் மூன்றாம் மாடியில் சன்னலோர நாற்காலியில், அங்கே வெந்நீர்க் குழாய் அருகே இருந்ததால் குளிரவில்லை, உம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். உம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்.