கண்ணாடிக் கூரையின் மேல் கிடப்பவர்கள்

கொஸ்தா-கவ்ராஸின் ‘மிஸ்ஸிங்’ (1982) எமது நண்பர்கள் மத்தியில் கேள்விக்கிடமற்ற படமாக இருந்து வருகிறது. இராணுவ ஆட்சி பற்றிப் பேச்செழும் போதெல்லாம் யாராவது ஒருவர் அதை எடுத்து வைப்பார். ஏகாதிபத்தியத்தைத் தோலுரித்த படம் என்பார். தோலுரிக்கிறதுதான். யாருடைய கண்ணால் என்று நாம் கேட்பதில்லை.

1973 செப்டெம்பர் 11இல் சிலியில் அலெண்டேயின் அரசு கவிழ்க்கப்பட்டது. சில நாட்களுக்குள் சார்ள்ஸ் ஹோர்மன் என்ற அமெரிக்க இளைஞர் சந்தியாகோவில் படையினரால் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். மகனைத் தேடிவரும் தகப்பனாக ஜக் லெமன் நடிக்கிறார். தனது நாட்டுத் தூதரகத்தை நம்பி வந்திறங்கும் நியூயோர்க் வியாபாரி அவர். மருமகளை (சிசி ஸ்பேசெக்) முதலில் எரிச்சலோடு பார்க்கிற மனுஷன். கதவு கதவாகத் தட்டி அந்த நம்பிக்கையை இழக்கிறார். ஒரு மர்மக் கதையின் வேகத்தை ஒரு மனிதரின் அரசியற் கல்வியாக மாற்றியது நெறியாளரின் சாதனை. அதை நான் மறுக்கவில்லை. படம் எங்கே சுட்டது என்பதற்கு, அன்று தூதுவராயிருந்தவர் தொடுத்த அவதூறு வழக்கே சாட்சி. 1987இல் அது தள்ளுபடியாயிற்று.

சவச்சாலைக் காட்சிக்கு வருவோம். தகப்பனும் மருமகளும் பிரேதங்களைக் கடந்து கடந்து போகிறார்கள். நிலமெங்கும் சிலி மக்கள். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக் கூரையின் மேலும் உடல்கள், நிழலுருவங்களாக. அத்தனை பேருக்குள்ளும் பெயரோடு அடையாளம் காணப்படுபவர் ஃபிராங் தெரூஜி, இன்னொரு அமெரிக்கர். பினோசே ஆட்சிக்காலக் கொலைகளை விசாரித்த ரெட்டிக் ஆணைக்குழு 1991இல் 2279 பேரைக் கணக்கிட்டது. படத்திலோ சிலி என்ற பெயரே உச்சரிக்கப்படுவதில்லை.

அமெரிக்கரை உலுக்க அமெரிக்கத் தகப்பன் ஒருவர் தேவைப்பட்டார் என்று ஒரு தோழர் என்னோடு வாதிட்டார். நியாயமான வாதம். ஆனால் எமது காணாமற்போனோருக்காகத் தூதரகங்களுக்கு மனு எழுதிச் சலித்த நாம் இதை எமது கதையென்று கொண்டாடும்போதுதான் எனக்கு நெருடுகிறது. அந்தத் தகப்பனுக்குப் பொய் சொல்லவாவது கதவு திறந்தது. கடவுச்சீட்டு அப்படி. கூரையின் மேல் கிடப்பவனின் தாய் எந்தக் கதவைத் தட்டினாள்? படம் எடுக்கப்படுமுன்பே, எழுபதுகளிலேயே, சந்தியாகோவில் இத்தகைய தாய்மாரும் மனைவிமாரும் சங்கமாகத் திரண்டிருந்தார்கள். கமரா அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

1982இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை ‘மிஸ்ஸிங்’ தனியே பெறவில்லை. யில்மாஸ் குனேயின் ‘யோல்’ படத்தோடு பகிர்ந்துகொண்டது. எம்மவர் பலர் இதைப் பார்த்ததேயில்லை. 1980 இராணுவச் சதிக்குப் பின்னான துருக்கியில், சில நாள் விடுப்பில் சிறையிலிருந்து வீடு திரும்பும் கைதிகளின் கதை. குனே சிறையிலிருந்தபடி எழுதிக்கொடுக்க ஷெரிஃப் கோரென் படமாக்கினார். 1981இல் தப்பிய குனே வெளிநாட்டில் அதைத் தொகுத்தார். வெளியாள் எவரும் வந்து விளக்கம் சொல்வதில்லை. அதிலும் பிரேதங்கள் வருகின்றன. குர்திஷ் கிராமமொன்றில் படையினர் உடல்களைக் கொண்டுவந்து காட்டி, யாரென்று கேட்கிறார்கள். கிடப்பவன் தங்கள் பிள்ளை. தெரியாது என்கிறார்கள்.