நாலு பேரும் ஒரு பாறையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயதுப் பேத்தியுடன் மெரினா போனேன். உழைப்பாளர் சிலைக்கு எதிரே நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "தாத்தா, நாலும் பாய்ஸா? கேர்ள்ஸ் எங்கே?" என்றாள்.

அறுபது வருஷமாக இந்த வழியில் போய் வருகிறேன். சத்தியமாக எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்கு?

1959-ல் வைத்த சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். மல்யுத்தப் பிரியர் என்பது அந்த முதுகுகளைப் பார்த்தாலே தெரியும். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் வெறும் தசைதான் கண்ணில் படும். இறங்கி, பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். பாறை இன்னும் நகரவில்லை. இதோ, இப்போது நகரப்போகிறது என்ற அந்த ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சென்னையில் பாதிச் சிலைகள் கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்க, வேலை செய்கிற சிலை இதுதான்.

அவருக்குப் பெண் உருவம் வராது என்றும் சொல்ல முடியாது. டெல்லியில் காந்தி முன்னால் நடக்கும் தண்டி யாத்திரைச் சிற்பமும் அவருடையதுதான். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய ஐநூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்ததே, அதே சிற்பம். அந்த வரிசையில் பெண்ணும் நடக்கிறாள். போராட்டத்தில் இடம் கொடுத்தவருக்கு உழைப்பில் ஏனோ ஞாபகம் வரவில்லை. (அந்தக் காலத்தில் யாருக்கு வந்தது?)

மெரினாவில் பெண் சிலையே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த பத்தில் இரண்டு உண்டு. ஔவையார், கண்ணகி. ஒருவர் பாட்டி, மற்றவர் கோபக்காரி. கண்ணகியை 2001-ல் எடுத்து, 2006-ல் திரும்ப வைத்தார்கள். ஆக, பெண்ணுக்குச் சிலை வேண்டுமென்றால் தலை நரைக்க வேண்டும், இல்லை மதுரையை எரிக்க வேண்டும். சும்மா கல் சுமந்தால் போதாது.

பெயரைப் பாருங்கள், உழைப்பாளர். பலர்பால். 'அர்' விகுதியில் ஆணும் அடக்கம், பெண்ணும் அடக்கம். இலக்கணத்தில் இடம் இருக்கிறது, பீடத்தில்தான் இல்லை. ஆனால் தமிழையும் முழுக்க நம்பாதீர்கள். கட்டட வேலையில் கல் அடுக்குகிறவர் கொத்தனார். மரியாதை விகுதியோடு. எடுபிடி வேலைக்கு வரும் ஆண் பெரியாள். பெண் சித்தாள், அதாவது சிற்றாள். வயது ஐம்பதானாலும் சிற்றாள். பெயரிலேயே கூலியைக் குறைத்துவிட்டோம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் போட்டாயிற்று. மேஸ்திரி படித்திருக்க மாட்டார்.

எங்கள் தெருவில் ஃப்ளாட் கட்டுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடம் மறுநாள் கேட்டேன். பெரியாளைவிட நாளைக்கு இருநூறு ரூபாய் கம்மியாம். "அவர் தூக்குற அதே சட்டிதான் சார்" என்றார். செல்போனில் எடுத்த சிலையின் படத்தைக் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்தார்.

"கடப்பாறை போடணும்னா அடியில மண்ணை வாரணுமே. அது யார் வாரினா?"

அதற்குள் மேலேயிருந்து கூப்பிட்டார்கள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "படத்தை அனுப்புங்க சார், பொண்ணுகிட்ட காட்டணும்" என்று நம்பர் சொல்லிவிட்டு ஏறிப்போனார்.