ஒரே போன், வகுப்பு நிறையக் குழந்தைகள்: தொடக்கப் பள்ளிக்கு எந்தக் கருவி உதவும்?

வகுப்பறைக்கென்று வரும் இணையக் கருவிகளில் பெரும்பாலானவை பிள்ளைக்கு ஒரு டேப்லெட், விட்டுப்போகாத வைஃபை, சுவரில் பெரிய திரை எல்லாம் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. நான் வேலை பார்ப்பது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருக்கின்றன. என்னிடம் இருப்பவை கரும்பலகை, சாக்பீஸ், ஆண்ட்ராய்டு போன், எப்போதாவது கைக்கு வரும் லேப்டாப். இந்த அறையில் எது உண்மையில் பயன்படும் என்று பார்க்க, ஆசிரியர்கள் அதிகம் பேசும் கருவிகளை எடுத்துப் பாடவேளைகளில் பயன்படுத்திப் பார்த்தேன்.

ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் எடைபோட்டேன். ஆளுக்கொரு கருவி கேட்கிறதா? தமிழில் ஓடுமா? நெட் போய்விட்டால் என்ன ஆகும்? நான்காவதுதான் எனக்கு முக்கியமானது: கை தூக்காத பிள்ளையைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்கிறதா? “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது டீச்சர்” என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். புரியாத பிள்ளையும் அதில் சேர்ந்துதான் சொல்கிறது. அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் என் வகுப்புக்கு இரண்டாம்பட்சம்தான்.

ப்ளிக்கர்ஸ்: காகித அட்டையும் ஒரு கேமராவும்

இந்த நான்காவது கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன கருவி ப்ளிக்கர்ஸ். பிள்ளைகளுக்கு எந்த மின்கருவியும் வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் கோடு போன்ற கறுப்பு வடிவம் ஒன்று இருக்கும். ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு வராது. அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். பிள்ளை தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்து விழுகிறது. சரியான விடை பச்சையில், தவறானது சிவப்பில்.

எழுத்து பொடியாக இருப்பதாலும் ஆளுக்கு ஆள் வடிவம் மாறுவதாலும் பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்து விடையை ஊகிக்க முடியாது. தவறாகச் சொன்னது யார் என்று ஆசிரியருக்கு மட்டும் தெரியும். சிரிப்புக்குப் பயந்து வாய் திறக்காத பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. கைதூக்கல் முறையில் முன்வரிசையின் நாலைந்து பேர்தான் வகுப்பின் குரலாக இருப்பார்கள். இங்கே எல்லாருடைய விடையும் கணக்கில் வருகிறது.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேள்வி மோசமாக இருந்தால் பயனில்லை. ஒரு கழித்தல் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 61இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். நான் கொடுத்த விடைகள் 34, 46, 44, 88. சரியான விடை 34. கடன் வாங்காமல், ஏழிலிருந்து ஒன்றைத் திருப்பிக் கழிக்கும் பிள்ளைக்கு 46 வரும். ஒன்றாம் இடத்துக்குக் கடன் வாங்கிவிட்டு, பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 44 வரும். குறியைக் கவனிக்காமல் கூட்டிய பிள்ளைக்கு 88. ஆக, ஒவ்வொரு தவறான விடையும் ஒரு காரணத்தைச் சொல்கிறது. 46 சொன்னவர்களுக்குப் புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டும் கொடுத்து இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 44 சொன்னவர்களுக்கு ஒரு நினைவூட்டலே போதும். நோட்டுகளை வாங்கித் திருத்தி மறுநாள் தெரிந்துகொள்வதை அந்தப் பாடவேளைக்குள்ளேயே தெரிந்துகொள்ள முடிவது இந்தக் கருவியின் உண்மையான பலம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான்கு விடைகளில் ஒன்று என்பதால், ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. வகுப்பே கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் தூக்கினாலும் கால்வாசிப் பேர் பச்சையில் வரக்கூடும். அதனால் சில கேள்விகளில் நான்காவது விடையாக ‘எனக்கு இன்னும் தெரியல’ என்று வைக்கத் தொடங்கினேன். அதைத் தேர்ந்தெடுப்பவரைக் கடிந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொண்டால், பிள்ளைகள் அதை நேர்மையாகவே பயன்படுத்துகிறார்கள். எழுதும் திறனையும் ஒரு கணக்கை எப்படி யோசித்துப் போட்டார்கள் என்பதையும் அட்டையால் அளக்க முடியாது. அதற்கு நோட்டும் நேரில் பேசுவதும்தான் வழி. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் சேர்க்கும் கேள்விகளுக்கு வரம்பு உண்டு. ஒரு பாடவேளைக்கு நாலைந்து கேள்விகளுக்கு மேல் தேவைப்படாததால் அது எனக்குத் தடையாக இல்லை.

பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

• வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள். மூன்று வகுப்புக்கும் ஒரே தொகுப்பு போதும். வருகைப்பதிவேட்டு வரிசையில் எண் கொடுத்தால் குழப்பம் வராது.

• ஜெராக்ஸ் எடுக்கும்போது கறுப்பு அழுத்தமாக விழ வேண்டும். வெளிறிய நகலைக் கேமரா படிக்கத் திணறும்.

• பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் வடிவம் மறைந்துவிடும். பழைய நோட்டு அட்டையில் ஒட்டினாலே ஒரு வருஷம் தாங்கும்.

• ஆங்கில எழுத்து பழகாத சின்னப் பிள்ளைகளுக்கு, அட்டையின் பின்புறம் நான்கு ஓரங்களிலும் நான்கு நிறத் தாள்களை ஒட்டி, கரும்பலகையில் விடைகளையும் அதே நிறச் சாக்பீஸால் எழுதலாம்.

• விரல் வடிவத்தின்மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

ரீட் அலாங்: தனியாக வாசிக்கும் பிள்ளைக்குத் துணை

கூகுள் 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்ட இந்தச் செயலி, 2020இல் ரீட் அலாங் என்று பெயர் மாறித் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளோடு உலகெங்கும் சென்றது. பிள்ளை திரையில் உள்ள கதையை உரக்க வாசிக்கும்; தியா என்ற பாத்திரம் கேட்டுக்கொண்டே வரும். தடுமாறிய சொல்லைத் தொட்டால் அதன் உச்சரிப்பு கேட்கும். சரியாக வாசித்தால் நட்சத்திரங்கள் சேரும். கதைகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வாசிக்கலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2022 ஜூனில் இந்தச் செயலியைக் கொண்டு நடத்திய வாசிப்பு மாரத்தானில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டார்கள்.

இது வகுப்பறைக்கு ஏற்ற கருவியா? முழு வகுப்புக்கு இல்லை. ஒரு போனில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் வாசிக்க முடியும். குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் எந்தச் செயலியும் சத்தத்தில் திணறும். பக்கத்திலேயே மூன்றாம் வகுப்பு வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்யும்? வராந்தா மூலையில், மைக் உள்ள இயர்போனோடு, வாசிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையை உட்கார வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. திருப்பித் திருப்பி வாசித்தாலும் சலித்துக்கொள்ளாத துணை என்பதால் கூச்சப்படும் பிள்ளைகள் இதனிடம் மனம்விட்டு வாசிக்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்பும். ஆகவே இதைக் கட்டாய வீட்டுப்பாடமாக வைக்காதீர்கள்.

ஸ்டோரிவீவர்: அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம்

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8ஆம் தேதி, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய இலவச நூலகம் இது. கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலையில் எளிய சொற்களும் திரும்பத் திரும்ப வரும் தொடர்களும் இருக்கும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பழகிய ஆசிரியருக்கு இந்த நிலைகள் உடனே பிடிபடும்.

கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், ஓவியம் வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அச்சிடலாம், நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். பிடிஎஃப் ஆக இறக்கி, அச்சிட்டு, தைத்து வாசிப்பு மூலையில் தொங்கவிட்டால் அதன்பிறகு நெட்டும் வேண்டாம், திரையும் வேண்டாம். இணையக் கருவி ஒன்று கடைசியில் பிள்ளையின் கையில் புத்தகமாகப் போய்ச் சேர்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தமிழ்க் கதைகளில் பல மொழிபெயர்ப்புகள். நடை எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் இல்லை. எனவே உரக்க வாசித்துப் பார்த்து, நாக்குக்கு இயல்பாக வருவதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

ஃபெட்: பின்னத்தைக் கண்ணால் காட்ட

இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையில் அசைத்து மாற்றிப் பார்க்கும் சிமுலேஷன்களைத் தரும் திட்டம் ஃபெட். பெரிய வகுப்பு அறிவியலுக்குப் பெயர்பெற்றது என்றாலும் தொடக்க வகுப்புக் கணக்குக்கும் அதில் நல்ல பகுதிகள் உண்டு. மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டால், மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் நான்கில் ஒன்றைச் சொல்லும் பிள்ளைகள் அதிகம். பின்ன அறிமுகப் பகுதியில் வட்டத்தை மூன்றாகவும் நான்காகவும் வெட்டி ஒரு துண்டை எடுத்து வைத்தால், விளக்கம் தேவைப்படுவதில்லை. லேப்டாப்பில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதற்கு முன் காகிதத்தை மடித்துக் கிழித்துப் பார்க்க வைத்துவிடுங்கள். கையால் செய்ததற்குப் பிறகே திரை.

கஹூட், தீக்‌ஷா: சுருக்கமாக

நார்வேயில் உருவான கஹூட் வினாடி வினா உற்சாகமானது. ஆனால் ஆளுக்கோ குழுவுக்கோ ஒரு கருவி வேண்டும். வழக்கமான முறையில் வேகமாகச் சொல்பவருக்கு அதிக மதிப்பெண் விழுகிறது. நிதானமாக யோசிக்கும் பிள்ளை அதில் பின்தங்கும். அது என் தேவைக்கு எதிரானது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீடுகள் வழியே தீக்‌ஷா தளத்தின் காணொளிகளுக்குப் போகலாம். பாடத்தோடு நேராகப் பொருந்துவது அதன் நன்மை. ஆசிரியர் முதல்நாளே பார்த்து, தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் காட்டினால் பயன் கிடைக்கும்.

பிள்ளைகளின் விவரம் பத்திரம்

எந்தக் கருவியில் கணக்குத் தொடங்கினாலும் பிள்ளைகளின் முழுப் பெயர், புகைப்படம், பெற்றோரின் போன் எண் எதையும் ஏற்ற வேண்டாம். ப்ளிக்கர்ஸில் எண் மட்டும் போதும்; எந்த எண் யாருடையது என்பது ஆசிரியரின் நோட்டில் இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கருவியைக் காட்டி விளக்கினால் பெற்றோர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். கேட்கட்டும், அது அவர்கள் உரிமை.

தீர்ப்பு

ஒரே ஒரு போன் உள்ள தொடக்க வகுப்புக்கு என் முதல் பரிந்துரை ப்ளிக்கர்ஸ். செலவு சில ஜெராக்ஸ் தாள்கள்தான். இரண்டாவது ஸ்டோரிவீவர், அச்சிட்டுக் கொடுப்பதாக இருந்தால். வாசிப்பில் பின்தங்கிய ஓரிரு பிள்ளைகளுக்குத் தனித்துணையாக ரீட் அலாங். பின்னம் நடத்தும் வாரங்களுக்கு ஃபெட். ஆளுக்கொரு கருவி உள்ள பள்ளிகள் கஹூட்டை எடுத்துக்கொள்ளலாம். வேகத்துக்கு மதிப்பெண் தரும் அமைப்பை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ஒரு கருவி, ஒரு பாடம், ஒரு பருவம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் பழகும், உங்களுக்கும் பயன் தெரியும். பயிற்சிக் கூட்டங்களில் இத்தகைய கருவிகளைப் பட்டியலாக வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், வந்த ஆசிரியர்கள் கையிலேயே அட்டைகளைக் கொடுத்துப் பிள்ளைகளாக உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: நாளைக்கே 40 அட்டைகளை நகலெடுத்துவிடுங்கள். இதுவரை ஒரு முறையும் கை தூக்காத பிள்ளைக்கு முதல் அட்டையைக் கொடுங்கள்.