ஃபிளெட்சரின் 1914 புத்தகமும் குப்பத்துத் தென்னையும்

"மருந்து அடிச்சா போவுமா சார்?"

ஊரூர் ஒல்காட் குப்பத்துல ஒரு ஆயா கேட்ட கேள்வி. வீட்டு வாசல்ல ஒரே ஒரு தென்னை. கீழ்மட்டை எல்லாம் கரி பூசின மாதிரி கறுப்பு. ஓலையைத் திருப்பிப் பார்த்தா வெள்ளை மாவால சுருள் சுருளா கோலம். யாரோ ஒருத்தர் மருந்தடிச்சுத் தரேன்னு விலை பேசிட்டுப் போயிருக்கார். அதே மரத்தடியில்தான் கருவாடு காயுது.

பதில் தேடித்தான் டி. பெயின்பிரிக் ஃபிளெட்சரின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்தவர். 1914-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட புத்தகம். ஐந்நூறு பக்கத்துக்கு மேல், வண்ணப் படங்களோட. தென்னிந்தியாவின் முக்கியமான சில பூச்சிகளும் பிற உயிர்களும், குறிப்பாகப் பொருளாதார நோக்கில் என்பது தலைப்பின் சாரம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த வெள்ளைச் சுருள் பூச்சி அதில் இருக்காது, தெரியும். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சிப் பக்கம். நான் தேடியது பூச்சியை இல்லை. ஒரு பூச்சியை எப்படி யோசிக்கணும் என்பதை.

அந்த வகையில் புத்தகத்தின் பலம் பெரிசு. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரே வரிசை: எங்கே இருக்கு, வாழ்க்கை எப்படி, எதைத் தின்னும், நிலை என்ன, எப்படிக் கட்டுப்படுத்துவது. டிடிடி-யின் பூச்சிக்கொல்லிக் குணம் தெரியவந்ததே 1939-ல்தான். அதற்கு முந்தின காலம் என்பதால், பூச்சியின் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்காம அதை நெருங்க முடியாது என்ற நிதானம் புத்தகம் முழுக்க இருக்கு.

தென்னையின் காண்டாமிருக வண்டையே எடுத்துக்குவோம். வளர்ந்த வண்டு குருத்தைக் குடைஞ்சு கடிக்கும். ஓலை விரியும்போது கத்தரியால் முக்கோணமா வெட்டின மாதிரி இருக்கும். ஆனா அதன் புழு மரத்தைத் தொடுவதே இல்லை. எருக்குழியிலும் மக்கிப்போன தென்னந்தண்டிலும் கிடந்து மக்குனதைத் தின்னு வளரும். அதனால வண்டுக்கான வைத்தியம் பாதி மரத்து மேல, பாதி குப்பைமேட்டில். 2018 கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் சாய்ந்த தென்னைகளை நினைச்சுப் பாருங்க. அப்புறப்படுத்தாம விட்ட ஒவ்வொரு தண்டும் ஒரு வண்டுத் தொட்டில். 'வாழ்க்கை' பத்தியை ஒழுங்காப் படிச்சவருக்கு இது தானா விளங்கும்.

என் சண்டை அடுத்த பத்தியோட: 'நிலை'. இது கடுமையான பூச்சி, இது அவ்வளவு முக்கியமில்லாதது என்று முத்திரை குத்தும் இடம். நிறம், கால், இறக்கை மாதிரி 'கடுமை'யும் பூச்சியின் உடம்பிலேயே இருக்கும் குணம் என்ற எண்ணத்தை அது வாசகர் மனசில் விதைக்குது. தலைப்பில் இருக்கிற அந்தப் பொருளாதார நோக்கு வேலை செய்யும் இடமே இதுதான். நூறு வருஷம் கழிச்சும் நம்ம பாடப்புத்தகங்களில் 'நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி' என்ற ரெண்டு பெட்டி இருக்கே, அதே பழக்கம்தான்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளிடம் இந்தப் பழக்கம் தோத்துப்போகுது. புகையான், அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் ஒரே பெருங்குடும்பம். வெள்ளை ஈ பேருக்குத்தான் ஈ. ஈக்கு ரெண்டு இறக்கை, இதுக்கு நாலு. வண்டு மாதிரி கடிக்கும் வாய் கிடையாது, ஊசி மாதிரி குத்தி உறிஞ்சும் வாய்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் நாசம் பண்ணியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரிகளான குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் பெரும்பகுதி வேலையை முடித்தது. பூச்சி அதேதான், வாய் அதேதான். நிலை மட்டும் தலைகீழ்.

புகையான் கதை இதுக்கு நேர் எதிர். பெரிசாப் பேசப்படாத நெல் பூச்சி. அதிக உரமும் அடிக்கடி மருந்தும் வந்த பிறகு ஆசியா முழுக்கக் கொள்ளை போல பரவியது. மருந்து அதன் எதிரிகளான சிலந்திகளை முதலில் கொன்றது. 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது இதனால்தான்.

'நிலை' என்பது பூச்சிக்கும் எதிரிக்கும் பயிருக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒரு கணக்கு. தேதி போடாத கணக்கு எதுக்கு ஆகும்?

ஆயாவோட தென்னைக்கும் இதே கணக்குதான். வெள்ளை ஈ கழிக்கும் இனிப்புத் திரவம் கீழ்மட்டையில் சொட்டுது, அதில் கரும்பூசணம் படருது. பார்க்கப் பயமா இருக்கும். ஆனா மரம் பெரும்பாலும் சாகாது. என்கார்சியா குவாடலூபே என்ற சின்னக் குளவி இதன் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டுக் கொல்லுது. மருந்தடிச்சா முதலில் போறது அதுதான். கேரளத்தில் இந்தக் கரும்பூசணத்தையே தின்னு ஓலையைச் சுத்தம் பண்ணும் ஒரு வண்டையும் பார்த்திருக்காங்க. 'வண்டுன்னா எதிரி' என்பவர் அதையும் சேர்த்தே கொல்வார்.

"மருந்து வேணாம் ஆயா. மஞ்சள் தாள்ல விளக்கெண்ணெய் தடவித் தண்டுல கட்டுங்க, தண்ணி இருந்தா ஓலையோட அடிப்பக்கம் பீய்ச்சுங்க."

"தண்ணிக்கு எங்க போறது? சரி, எத்தினி நாள்ல போவும்?"

நாள் சொல்ல என்னால முடியல. மருந்து விலை பேசினவர் சொல்லியிருப்பார், ரெண்டே நாள்னு. அவர் பக்கம் இருக்கிற வசதி அது. கருவாட்டைக் காட்டி, மேல அடிக்கிறது கீழதானே விழும் என்றேன். அது மட்டும் ஆயாவுக்கு உடனே பிடிபட்டது. இப்போதைக்கு மருந்துக்காரரை வரச் சொல்லலை.

ஃபிளெட்சரை யாராவது தமிழில் கொண்டுவந்தால் சந்தோஷப்படுவேன். ஒரே ஒரு திருத்தம் வேணும்: ஒவ்வொரு 'நிலை'க்குப் பக்கத்திலும் ஆண்டும், அன்றைக்கு அந்த வயலில் இருந்த எதிரிகளின் பெயரும்.