பெயரிலேயே ஒரு பிழை

மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாக நாம் அம்புக்குறி இடுகிறோம். கம்பியில் எலெக்ட்ரான்களோ எதிர்த்திசையில் செல்கின்றன. இப்பழைய பிழையால் எந்த விளக்கும் அணைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். மருத்துவத்திலும் இப்படித் தலைகீழான பெயரொன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்பது அப்பெயர். தமிழில் 'லூபஸ் உறைவெதிர்ப்பி' என்று வரும். இரத்தத்தை உறையவிடாத பொருள் என்றுதானே எண்ணுவீர்கள்? உண்மையில் இது இரத்த நாளங்களில் உறைகட்டிகள் தோன்றக் காரணமாவது. திரும்பத் திரும்ப நேரும் கருச்சிதைவுக்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. இது காணப்படுவோருள் பலருக்கு லூபஸ் நோயும் இல்லை. ஆக, பெயரின் இரு சொற்களும் பிழை!

நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சில வேளைகளில் உடலின் சொந்தப் பொருள்களையே பற்றிக்கொள்கின்றன. இவையே தன்னெதிர்ப்பொருள்கள். நாம் பேசும் வகை, செல்சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடுகளையும் அவற்றோடு ஒட்டும் புரதங்களையும் பற்றுகிறது. சோதனைக் குழாயில் இரத்தப் பிளாஸ்மா உறைவதற்குப் பாஸ்போலிப்பிடு தேவை. எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உறையும் நேரம் நீள்கிறது. குழாயில் கண்ட இந்த விளைவே பெயராகிவிட்டது. அளவிடும் கருவியின் குணத்தை அளக்கப்படும் பொருளின் மேல் ஏற்றிச் சொல்லும் தவறு இது. செய்முறைத் தேர்வில் ஒரு மாணவன் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன்.

1952-இல் கான்லி, ஹார்ட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் லூபஸ் நோயாளர் இருவரின் இரத்தத்தில் இதனை விவரித்தனர். அன்று அவர்கள் கண்டது அவ்வளவே. அவர்களைக் குறைகூற இயலாது. ஆனால் இத்தகைய நோயாளரிடம் உறைகட்டிகள் தோன்றுவதை 1963-இலேயே போவியும் அவருடைய குழுவினரும் எழுதிவிட்டார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1972-இல், இந்தப் பெயர் சூட்டப்பட்டது என்பதுதான் வியப்பு!

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். மூன்று முறை கருவை இழந்த பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். பரிசோதனைத் தாளில் 'உறைவெதிர்ப்பி உள்ளது' என்றிருக்கிறது. மருத்துவரோ இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை எழுதித் தருகிறார். "ஏற்கெனவே உறையாத இரத்தத்திற்கு இது எதற்கு? குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னால், பெயரை நம்பிய அவர்மேல் குற்றமில்லை. ஊசி நின்றுபோனால் இழப்பு அவளுக்குத்தான். 1997-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகை எதிர்ப்பொருள் உள்ள 45 பெண்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் தரப்பட்டது. 19 பேர் உயிருள்ள குழந்தை பெற்றனர். ஹெப்பாரினும் சேர்த்துத் தரப்பட்ட 45 பேரில் 32 பேர் பெற்றனர். பின்னர் 2002-இல் வந்த ஆய்வொன்றில் இவ்வளவு வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மிகையும் உண்டு. 'நஞ்சுக்கொடியில் இரத்தம் கட்டிக்கொள்கிறது, அதனால் கரு இறக்கிறது' என்று பல கட்டுரைகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இழந்த கருக்களின் நஞ்சுக்கொடிகள் எல்லாவற்றிலும் உறைகட்டி காணப்படுவதில்லை. 2004-இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வில் ஹெப்பாரின் கருவைக் காத்தது. உறைவைத் தடுக்கும் வேறு மருந்துகள் காக்கவில்லை! காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதத் தொகுதி கிளப்பும் அழற்சியை ஹெப்பாரின் அடக்கியதே காரணம் என அவ்வாய்வாளர்கள் கண்டனர். நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவரில் வேரூன்றுவதையும் இந்த எதிர்ப்பொருள்கள் நேரடியாகக் கெடுக்கின்றன.

ஒரு முறை சோதனையில் தெரிந்தால் போதாது. தொற்றுநோய்க்குப் பின் இவை சிறிது காலம் தோன்றி மறைவதுண்டு. ஆகவே குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள்.

கலைச்சொல் ஆக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உறைவெதிர்ப்பி' என எழுதாதீர்கள். இவ்வகை முழுவதற்கும் 'பாஸ்போலிப்பிடு எதிர்ப்பொருள்கள்' என்ற பொதுப்பெயர் இருக்கிறது. அது எதைப் பற்றுகிறது என்று மட்டுமே அப்பெயர் சொல்கிறது.